சட்டைப்பை நாணயவியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

புதையலுக்காக நிலத்தைத் தோண்டுவோரைப் பற்றி நூல்கள் பல உள. டீக்கடையில் வாங்கிய மீதிச் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு காசிலும் ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று முறைத்துப் பார்ப்போரைப் பற்றியோ தமிழில் ஆய்வேடு எதுவும் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

சட்டைப்பை, பாட்டியின் சுருக்குப்பை, சாமி படத்துக்கு முன்னுள்ள கிண்ணம், ஸ்கூட்டர் டிக்கியின் அடிப்பகுதி ஆகியவை இவ்வாய்வின் எல்லை. கோயில் உண்டியல் சேர்க்கப்படவில்லை. அது அறநிலையத் துறையின் எல்லை. கருதுகோள் ஒன்றே: காசின் அருமை அது அச்சாகும் இடத்தில் பிறப்பதில்லை, அதை உற்றுப் பார்ப்பவன் கையில் பிறக்கிறது.

முதலில் அடிப்படைப் பாடம். இந்திய அரசின் நாணயச்சாலைகள் நான்கு. மும்பையில் அடித்த காசில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருக்கும். ஹைதராபாத் காசில் நட்சத்திரம். 1988இல் உற்பத்தியைத் தொடங்கிய நொய்டா ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொள்ளும். மூத்தவற்றுள் ஒன்றான கொல்கத்தாவோ ஒன்றுமே போடாது. ஊர்ப் பெரியவர் விசிட்டிங் கார்டு வைத்துக்கொள்ளாததைப் போல. இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. கொல்கத்தாக் காசில் சரியான இடத்தில் துளி அழுக்கு ஒட்டினால் அது நொய்டாக் காசாகிவிடுகிறது. அதையே புளி போட்டுத் தேய்த்தால் மீண்டும் கொல்கத்தா. தேடுவோர் வீட்டில் புளி குறைவதற்கான காரணம் இதுவென்பது ஈண்டு நோக்கத்தக்கது.

உள்நாட்டு அச்சு போதாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கிய காலங்களும் உண்டு. 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் ஆண்டுக்கு அடியில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலையில் பிறந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த ஐந்து ரூபாய்கள் சிலவற்றில் மாஸ்கோவின் முத்திரை உண்டு. அதே காலத்து ஒரு ரூபாயில் ‘எம்.கே.’ என்றிருந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. அந்த நாணயச்சாலை தொடங்கியது 1328இல். மதுரையில் சுல்தானியம் எழுவதற்கும் முன்பு. அத்தனை நூற்றாண்டு அனுபவமுள்ள இடத்தில் அடித்த காசைக் கொடுத்து நம்மவர் வாங்கியது ஒரு தேன்மிட்டாய்.

தமிழ்நாட்டுத் தேடுநருக்கு வேறு இலக்குகளும் உண்டு. 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த வள்ளுவர் காசு, 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய், அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய். கடைசியதில் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் பேருந்து நடத்துநரின் தோல்பையில் யாருக்கும் தனி மரியாதை கிடையாது. வள்ளுவரும் சாதாரணக் காசின் தானியக் கதிரும் ஒன்றாகவே குலுங்குவர்.

இனிக் களஆய்வு. தேடுநர் ஒருவருக்கும் டீக்கடைக்காரர் ஒருவருக்கும் நடந்த உரையாடல் கீழே தரப்படுகிறது.

“அண்ணே, இந்த ரெண்டு ரூபாய வச்சிக்கிட்டு அந்த ரெண்டு ரூபாயக் குடுங்க.”

“ஏன் தம்பி, இது செல்லாதா?”

“செல்லும்ணே.”

“அப்ப அது?”

“அதுவும் செல்லும்.”

கடைக்காரர் அந்தக் காசை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கல்லாவில் போடாமல் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு ரூபாய் மதிப்புள்ள ஒரு காசு நம் கண்முன்னே புழக்கத்தைவிட்டு விலகிய தருணம் அது. பதினாறாம் நூற்றாண்டு கிரஷாமின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: கெட்ட காசு நல்ல காசை விரட்டும். இவ்வாய்வு அதற்கு ஒரு துணைவிதி சேர்க்கிறது: முறைத்துப் பார்க்கப்பட்ட காசு செலவாகாது.

அயல்நாட்டுச் சான்றும் உண்டு. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் 250ஆம் ஆண்டுக்காக 2009இல் பிரிட்டன் ஒரு 50 பென்ஸ் காசை வெளியிட்டது. அடித்தவை 2,10,000 மட்டுமே. அதிலிருக்கும் சீனக் கோபுரத்தை எவரும் ஏறிட்டுப் பார்க்காமல் ரொட்டியும் பாலும் வாங்கினார்கள். 2014இல் ராயல் மின்ட், புழக்கத்திலுள்ள 50 பென்ஸ்களில் இதுவே மிகக் குறைவாக அடித்தது என்று சொல்லிவைத்தது. அவ்வளவுதான், பிறகு அது கடைப்பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். காசின் எண்ணிக்கை அறிவிப்புக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். பார்வை மட்டுமே மாறியது.

இந்த விஷயத்தில் நம்மவர் பிரிட்டனை மிஞ்சியவர்கள். குறைவாக அடித்த காசை அரியதாக்குவதில் என்ன பெருமை? ஏராளமாக அடித்த பத்து ரூபாய்க் காசையே நம் ஊர்க் கடைகள் அரியதாக்கிக் காட்டின. அதில் பத்துக் கோடா பதினைந்து கோடா, ரூபாய்ச் சின்னம் உண்டா இல்லையா என்று விவாதம் நடந்தது. சின்னம் காசுகளில் ஏறியது 2011இல்தான். அதற்கு முந்தியவற்றில் அது எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்கள் உள்ளன, பதினான்கும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ‘அது பேங்க்ல செல்லும் சார், இங்க செல்லாது’ என்று நம் அண்ணாச்சி தீர்ப்பளித்தார். மேல்முறையீடு கிடையாது.

இதன் மறுபக்கம், வைஷ்ணோ தேவி உருவம் பதித்த 2012ஆம் ஆண்டுக் காசு லட்சக்கணக்கில் விலைபோகும் என்ற வதந்தி. அதை நம்பி, ‘வாங்குபவர்’ கேட்ட பதிவுக் கட்டணத்தையும் வரியையும் முன்கூட்டியே கட்டி ஏமாறுவது தேடலின் முற்றிய நிலை. பழைய காசு வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்பவர்களிடம் சிக்க வேண்டாமென்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க நேர்ந்தது. பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த அதே கை, ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து லட்சம் எதிர்பார்க்கும் முரண் தனி ஆய்வுக்குரியது. அதை முனைவர் பட்ட மாணவர் எவரேனும் எடுத்துக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எச்’ போட்ட ரூபாய் கிடைத்தால் படம் எடுத்து அனுப்பி விலை கேட்காதீர்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டீ குடியுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30ஓடு செல்லாக்காசு. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். கடையில் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தால் இவ்வாய்வாளரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.