மினக்கெட்ட கதை

எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு நேர முகாமைத்துவம் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒன்பது மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த பொடியன் முதலில் எடுத்தது தக்காளி முறை. 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்றொரு மாணவர், தக்காளி வடிவக் குசினி மணிக்கூட்டை முறுக்கிவைத்துவிட்டுப் படித்தாராம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. சுன்னாகம் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு எங்களுக்கே தக்காளி விற்க வந்தவனின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

"தம்பி, எங்கட ஊர்ப் பழைய ஆக்கள் இதொண்டும் இல்லாமல் என்னெண்டு அவ்வளவு எழுதினவை?" என்று கேட்டேன்.

"அவைக்கு போன் இல்லை, சேர்."

பதிலில் பிழை பிடிக்க முடியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து, எழுதவேண்டிய கட்டுரையை எழுதாமல், அந்தப் பழைய ஆக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே வகுப்பில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்திப் பார்த்தேன்.

முதல் கதிரையில் வரத பண்டிதர். ஒல்லாந்தர் காலத்துச் சுன்னாகத்தார். சிவராத்திரி புராணம் பாடினார், சிவனுக்கு. ஏகாதசிப் புராணம் பாடினார், திருமாலுக்கு. பிள்ளையார் கதை பாடினார், பிள்ளையாருக்கு. பாம்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று நினைத்தாரோ என்னவோ, விஷக்கடி வைத்தியத்துக்கு அமுதாகரம் என்றொரு நூலும் செய்தார். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்காதே என்று பொடியன் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தியதை மனுசன் முந்நூறு வருசத்துக்கு முந்தியே செய்து முடித்துவிட்டார். அதிலும் புத்தி பாருங்கள்: விரதத்துக்கு நூல் எழுதினால் விரதம் வரும்போதெல்லாம் நூலும் வெளியே வரும். பிள்ளையார் பெருங்கதை நாள் 21க்கும் கோயில் கோயிலாக இன்றைக்கும் அவர் எழுதியதைத்தான் படிக்கிறோம். பண்டிதர் எழுத்துக்கு ஒரு மோதகம்கூடக் கேட்டதில்லை.

இரண்டாவது கதிரையில் குமாரசாமிப் புலவர், 1854இல் பிறந்து 1922இல் மறைந்தவர். பகலில் பள்ளிக்கூட வாத்தியார்: முதலில் ஏழாலை, பிறகு வண்ணார்பண்ணையில் நாவலரின் பள்ளிக்கூடம். வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே உரை எழுதினார், புலவர்களுக்குச் சரித்திரம் எழுதினார், சொல்லகராதி செய்தார், வடமொழியிலிருந்து மொழிபெயர்த்தார். ஓய்வு எடுத்ததற்குத்தான் சான்று குறைவு.

மொழிபெயர்க்க அவர் எடுத்த நூல்களில் ஒன்று மேகதூதம். அதன் கதையைப் பொடியன் கேட்டால் வகுப்புக்கே பாடமாக வைத்திருப்பான். குபேரனிடம் வேலை பார்த்த ஓர் இயக்கன் கடமையில் அசட்டையாக இருந்தான். விளக்கம் கோரும் கடிதம்கூடக் கொடுக்காமல் குபேரன் அவனை ஒரு வருசம் ஊரைவிட்டுத் தள்ளிவைத்தான். தள்ளிவைத்த இடத்திலாவது திருந்தினானா? அலுவலை விட்டுவிட்டு மனைவிக்குச் செய்தி அனுப்பக் கிளம்பினான். அதையும் மேகத்திடம் கொடுத்தான். மேகத்துக்கு வழி சொல்வதிலேயே பாதி நூல் போய்விடுகிறது. வேலை செய்யாதவனைப் பற்றி காளிதாசன் பாடினான். வேலையே செய்துகொண்டிருந்த ஒரு சுன்னாகத்து வாத்தியார் மினக்கெட்டு அதைத் தமிழ்ப்படுத்தினார்.

மூன்றாவது கதிரைக்கு இரண்டு பேர். அச்சகத்து முதலாளி ஒருவர், அவருடைய நித்திரையைக் கெடுத்த வித்துவான் ஒருவர்.

குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் சுன்னாகத்திலிருந்து ஈழகேசரி வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வாரப் பத்திரிகை என்பது ஒருவகைக் கடன்காரன். எவ்வளவு கொடுத்தாலும் அடுத்த கிழமை மறுபடி வாசலில் வந்து நிற்பான். சோ. சிவபாதசுந்தரம் ஆசிரியராக இருந்து இந்தக் கடன்காரனைச் சமாளித்துப் பழகியவர். பிறகு லண்டன் பிபிசிக்குப் போய்த் தமிழோசையில் விநாடிக் கணக்கில் பேசியது அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்திராது. காரியாதிகாரி உத்தியோகம் பார்த்த இலங்கையர்கோனும் இந்தப் பத்திரிகைக்குக் கதை எழுதினார்.

கிழமைக்கொரு பத்திரிகை போதாதென்று பொன்னையா தன் திருமகள் அழுத்தகத்தில் தொல்காப்பியத்தையும் பதிப்பிக்க ஒப்புக்கொண்டார். பழைய உரைகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர், குமாரசாமிப் புலவரிடம் படித்தவர்.

அச்சகத்தின் சங்கடம் வெளியாருக்கு விளங்காது. ஒவ்வோர் எழுத்தும் ஈயம். அறை அறையாகத் தடுத்த பெட்டியிலிருந்து அச்சுக்கோப்பவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகக் கோக்க வேண்டும். பக்கம் அடித்து முடிந்ததும் கழுவி, பிரித்து, அதனதன் அறைக்குள் திரும்பப் போட வேண்டும். போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து. ஆகவே, வித்துவான் ஒருவர் திருத்தவேண்டிய புறூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், அந்தப் பக்கத்து ஈய எழுத்துகள் முழுவதும் அவரோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருக்கும். பத்திரிகைக்குப் போகவேண்டிய 'க'வும் 'த'வும் தொல்காப்பியப் புணரியலில் மாட்டுப்பட்டு நிற்கும்.

ஐயர் வீட்டு வாசலில் அச்சகத்துப் பொடியன் சைக்கிளைச் சாத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, முதலாளி புறூவ் வாங்கிவரச் சொன்னவர்."

"பொறு தம்பி. இந்த இடத்திலை நச்சினார்க்கினியர் என்ன நினைச்சவர் எண்டு இன்னும் பிடிபடேல்லை."

"அவர் எப்ப வருவார் ஐயா? நான் நிண்டு கேட்டுக்கொண்டு போறன்."

"அவர் போய் அறுநூறு வருசமடா."

பொடியன் வெறுங்கையோடு சைக்கிளைத் திருப்புகிறான்.

இது என் கற்பனை. வருசங்கள் மட்டும் கற்பனை இல்லை. எழுத்ததிகாரம் 1937. சொல்லதிகாரம் 1938. இவ்வளவு மட்டும் பயிற்சியாளர் கைதட்டியிருப்பார். அதன் பிறகு ஐந்து வருசம். 1943இல் பொருளதிகாரம் வந்தது, ஆனால் பின்பாதி. முன்பாதி 1948இல். வாலை முதலில் அனுப்பித் தலையைப் பிறகு அனுப்பிய பதிப்பு! இதற்கிடையில் உலக யுத்தம் ஒன்று தொடங்கி முடிந்துவிட்டது. 1948இல் வெள்ளைக்காரனே நாட்டை விட்டுப் போய்விட்டான். ஐயரின் முன்பாதி அவனை வழியனுப்ப வந்தது போல அதே வருசம் வந்து சேர்ந்தது.

பொன்னையா 1951இல் கண்ணை மூடினார். பத்திரிகையும் ஐயரும் 1958 வரை இருந்தார்கள். கிழமை தவறக்கூடாத பத்திரிகை அந்தந்தக் கிழமையின் செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிற்று. பதினொரு வருசம் இழுத்த புத்தகத்தைத் தொல்காப்பியம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் தேடி எடுக்கிறார்கள். பத்திரிகை அடித்த காசும் அவசரமும் இல்லாவிட்டால் அந்தப் புத்தகமும் வந்திருக்காது. இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்துச் சமாளித்த பொன்னையாவைத்தான் நேர முகாமைத்துவ வகுப்புக்கு விரிவுரையாளராகப் போட்டிருக்க வேண்டும்.

பொடியனின் வகுப்பில் வராத சொல் ஒன்று எங்களிடம் இருக்கிறது: மினக்கேடு. வினை கெடுவதுதான் மினக்கேடு ஆனது என்பார்கள். சந்தைக்கு விட்ட பிள்ளை பிந்தி வந்தால், "எங்கையடா மினக்கெட்டனீ?" என்று ஏச்சு விழும். அதே ஆச்சி விருந்தாளியிடம், "உங்களுக்கெண்டு மினக்கெட்டுச் செய்தனான், சாப்பிடுங்கோ" என்பா. நேரத்தை வீணாக்கினாலும் மினக்கேடு, நேரத்தைப் பாராமல் ஒன்றைச் செய்தாலும் மினக்கேடு. எது எந்த மினக்கேடு என்று செய்கிறபோது செய்கிறவனுக்கே தெரியாது. வெறுங்கையோடு திரும்பிய அந்தச் சைக்கிள் பொடியனுக்கு நிச்சயமாகத் தெரிந்திராது.

இவ்வளவையும் யோசித்து முடிக்க, தக்காளிக் கணக்கில் நாற்பது தக்காளி அழுகிப்போயிற்று. கட்டுரையை நாலு நாள் பிந்தி அனுப்பினேன். மறுநாள் ஆசிரியர் போன் எடுத்தார்.

"அண்ணை, நல்லாய்த்தான் மினக்கெட்டிருக்கிறியள்."

எந்த மினக்கேடு என்று நான் கேட்கவில்லை.