சிங்கர் சித்தப்பா

வீட்டில் பல் தேய்க்கும் பிரஷ் காணாமல் போனால் எங்கள் சித்தி யாரையும் விசாரிப்பதில்லை. நேரே பின்கட்டுக்குப் போவாள். அங்கே பழைய செய்தித்தாளை விரித்து, கவிழ்த்துப் போட்ட தையல் மெஷினின் வயிற்றுக்குள் டார்ச் அடித்தபடி சித்தப்பா உட்கார்ந்திருப்பார். பிரஷ் அவர் கையில் இருக்கும். இனி அது எந்த வாய்க்கும் உதவாது.

சித்தப்பாவுக்கு ஒரு பெயர் உண்டு, ரேஷன் கார்டில் இருக்கிறது. பழைய சிங்கர் தையல் மெஷின்களைத் தேடிப் பிடித்துத் துடைப்பதால் உறவு வட்டாரத்தில் அவர் சிங்கர் சித்தப்பா. இவர் ஒருவர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மின்வாரியம், ரயில்வே, கூட்டுறவு வங்கி என்று எங்கெங்கோ நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்ற இந்த ரகத்தவர் ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். பார்த்ததும் அடையாளம் தெரியும். நகக்கண்ணில் கறுப்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். கிட்டே வந்தால் மண்ணெண்ணெய் வாசம். வீட்டில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டே ரேஷன் மண்ணெண்ணெய் அருகிப்போனதற்குக் கண் கலங்குபவர்கள் நாட்டில் இவர்கள் மட்டும்தான்.

மெஷின் வந்து இறங்கியதும் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார் என்று எண்ணுவது பாமரத்தனம். முதலில் விசாரணை. கைச்சக்கரம் இறுகி நிற்கும். பலம் காட்டிச் சுற்றப் பார்க்கிற மச்சினனை, “மாப்ளே, கையை எடுங்க” என்று அதட்டுவார். மேலே உள்ள எண்ணெய்த் துளையில் ஊக்கை விட்டுச் சுரண்டி, ஒட்டிக்கொண்டு வந்த பழுப்புப் பிசினை விரல் நுனியில் உருட்டி முகர்ந்து பார்ப்பார். பிறகு, எழவு வீட்டுக் குரலில் தீர்ப்பு வரும்: “தேங்கா எண்ணெய்.”

இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். தையல் மெஷினுக்கென்று கடையில் விற்கும் எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. அதுவும் நாள்பட்டால் தூசியோடு சேர்ந்து தடிக்கும், ஆனால் மண்ணெண்ணெய் பட்டால் பெரும்பாலும் இளகி வழிவிடும். சமையலறை எண்ணெய் அப்படியல்ல. காற்றுப் பட்டுப் பட்டுப் பிசுபிசுத்து, கடைசியில் இறுகிப்போய் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நம் பாட்டிமார்கள் தலைக்குத் தடவிய புட்டியிலிருந்தே மெஷினுக்கும் இரண்டு சொட்டு விட்டார்கள். தலை ஏற்றுக்கொண்டது, மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் பக்கத்து மெஷின்களில் பாதி தேய்ந்து நிற்கவில்லை, பாசத்தால் நின்றுபோயின என்பது சித்தப்பாவின் கட்சி.

அடுத்தது ஊசித் தகடு. அதைக் கழற்றினால் துணியைத் தள்ளுகிற பற்களுக்கு நடுவே நூல் தூசும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியான கம்பளித் துண்டாகவே கிடக்கும். கீழடியில் குழிக்குள் இறங்கியவர்களுக்குக்கூட அந்தப் பொறுமை இருக்குமா தெரியாது. ஊக்கால் அடுக்கடுக்காகப் பிரிப்பார். “இது டெரிகாட்டன். இதுக்குக் கீழே சீட்டித் துணி. ஏதோ ஒரு தீபாவளிக்குப் பாவாடை தச்சிருக்காங்க பாரு.” பார்க்காவிட்டால் விடமாட்டார். அந்தத் துண்டை எறியவும் மாட்டார். தேதி போட்டுத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறார்.

எதற்கும் மசியாத இறுக்கத்துக்கு ஹேர் டிரையர். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. மண்ணெண்ணெய் புழங்கும் இடத்தில் சூடு கூடாது என்பதால் டிரையர் ஒரு நாள், மண்ணெண்ணெய் மறுநாள், அதன்பின் ஊறுவதற்கு ஒரு ராத்திரி என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மாத்திரை சாப்பிடும் அட்டவணை அதற்குக் கீழே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் இருக்கும் படங்களைத் துடைப்பதுதான் பெரிய கண்டம். அவற்றின்மேல் பூசியிருப்பது அரக்கு மெருகு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரிதான் துடைக்க வேண்டும். இது தெரியாமல் என் தம்பி, கொரோனா காலத்தில், ஸ்ஃபிங்க்ஸ் படம் போட்ட பழைய சிங்கர் ஒன்றுக்குச் சானிடைசர் போட்டுத் துடைத்தான். தோட்டா வடிவ ஷட்டில் வைத்த அருமையான மாடல். எகிப்தில் அந்தப் பிராணிக்கு மூக்கு மட்டும்தான் போனது, திண்டுக்கல்லில் முழு முகமும் போயிற்று. தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

சீரியல் நம்பரைக் காட்டினால் போதும், பிறந்த ஊர் சொல்வார். ‘ஒய்’ எழுத்தில் தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க், ‘ஜி’ என்றால் நியூஜெர்சியில் எலிசபெத். கிளைட்பாங்க் ஆலையை 1980-ல் மூடிவிட்டார்கள், ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்னும் ‘சிங்கர்’ என்றே பெயர். இதைச் சொல்லும்போது சித்தப்பாவுக்குத் தொண்டை அடைக்கும். அவர் பார்த்த அதிக தூரத்து ரயில் நிலையம் சென்னை எழும்பூர். அதுவும் மகளைப் பார்க்க என்று சொல்லி வியாழக்கிழமை இரவு வண்டி ஏறுவார். மறுநாள் பல்லாவரத்தில் பழைய சாமான்கள் விற்கும் வெள்ளிக்கிழமைச் சந்தை.

ஊருக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருப்பதால் பேச்சில் காந்தியும் வந்துவிடுவார். இயந்திர மோகத்தைச் சாடிய காந்தி, 1924-ல் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அன்று கேள்வி கேட்டவர் பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்று காந்தி நம்பினார். 1851-ல் காப்புரிமை வாங்கிய ஐசக் மெரிட் சிங்கருக்கோ பல குடும்பங்கள், இருபதுக்கும் மேல் பிள்ளைகள். இந்தப் பகுதியைச் சித்தப்பா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அடுப்படியிலிருந்து சித்தி கேட்டாள்: “எந்தச் சம்சாரத்தைப் பாத்து மனசு இளகுச்சாம்?”

2009-ல் சவுதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், ஊசிக்குப் பக்கத்தில் செல்போனைப் பிடித்தால் லைன் அறுந்துபோகுமாம். அங்கே விலை தறிகெட்டு ஏறியது. ரியாத்திலிருந்து மச்சினர் பதறிப்போய்க் கூப்பிட்டார். “பாதரசமெல்லாம் இல்ல மாப்ளே, உள்ள இருக்கிறது பூரா தேங்கா எண்ணெய்தான்” என்று சொல்லிச் சித்தப்பா போனை வைத்துவிட்டார். லட்சங்களை அப்படி உதறியவர், ஸ்டாண்டை மட்டும் அறுத்தெடுத்து மேல்பலகை போட்டு காபி மேசையாக்கியிருக்கும் ஹோட்டல்களுக்குள் காலே வைக்கமாட்டார். வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, “கொலைகாரப் பாவிங்க” என்பார்.

இத்தனை செய்கிற மனிதருக்குத் தைக்கத் தெரியாது. பொத்தான்கூடக் கட்டத் தெரியாது. தைக்கத் தெரிந்த ஒரே ஆள் சித்தி. அவளுக்கு மெஷினைத் தொட அனுமதி இல்லை, தைத்தால் நூல் தூசு விழும். ஆக, துடைத்துப் பளபளக்கும் மெஷின்கள் வரிசை கட்டி நிற்கிற வீட்டில், கிழிந்த தலையணை உறை தெருமுனை டெய்லரிடம் போகிறது. அந்த டெய்லர் தன் மெஷினைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் அண்ணனுக்குப் பெண் பார்க்கக் காரைக்குடிப் பக்கம் போனோம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்தாள். சித்தப்பாவைக் காணோம். வளவு ஓரத்தில், சாக்குப் போட்டு மூடிய எதற்கோ அடியிலிருந்து அவருடைய கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பெண் வீட்டார் மரியாதைக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். திரும்பி வரும் வழியில் அப்பா அவரிடம் கேட்டார்:

“ஏண்டா, உனக்கு எப்படிப் படுது?”

“ஒய் சீரியல்ண்ணே. ஸ்காட்லாந்து. ஷட்டில் லேசாத் தேஞ்சிருக்கு, மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்ல.”