இன்னிக்கு எத்தனை தூண்?

இடம்: ஸ்மித் ஸ்ட்ரீட், சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், இரண்டாம் தளத்து உணவங்காடி. ஞாயிறு நண்பகல். மின்விசிறிக்குக் கீழே மேசை கிடைப்பது இங்கே முன்வினைப் பயன், இன்று கிடைத்திருக்கிறது.

தம்பி, பக்கத்துத் தெருக் கடைவீடு ஒன்றின் மாடியில் நடக்கும் ஸ்டார்ட்அப்பில் செயலி வடிவமைப்பவர். கட்டுமானத் தளங்களைப் பேருந்தின் மேல்தட்டிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறார். அண்ணன், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்; கம்பி கட்ட வந்து, சூப்பர்வைசராகி, இப்போது கம்பி கட்டுகிறவர்களிடமும் முதலாளியிடமும் சம அளவில் திட்டு வாங்குகிறவர். மாரியம்மன் கோயிலுக்கு வந்தவரைத் தம்பி மடக்கி, தே வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். இதற்குத் தம்பியின் அலுவலகத்தில் ‘பயனர் ஆய்வு’ என்று பெயர்.

தம்பி: அண்ணே, ஒரு நாள் வேலையை எப்படிப் பிளான் பண்றீங்க?

அண்ணன்: காலையில டூல்பாக்ஸ் மீட்டிங். பெல்ட்டு, ஹெல்மெட்டு பாப்போம். உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பேன், “நல்லாருக்கு”ன்னு கோரஸா கத்துவாங்க. அப்பறம் யாரு எங்கன்னு பிரிச்சு விடுவேன்.

தம்பி: எதுல பதிவு பண்றீங்க?

அண்ணன்: வாட்ஸப்புல போட்டோ போடுவேன். மேனேஜர் கட்டைவிரலைக் காட்டுவாரு.

தம்பி: (எழுதிக்கொள்கிறார்) ‘முறையான பதிவு எதுவும் இல்லை.’ பாருங்கண்ணே, எங்க செயலி வந்தா இந்தக் கஷ்டமே இல்ல. காலையில இலக்கு உங்க போனுக்கே வந்துடும். சாயங்காலம் முடிச்சதைத் தட்டுங்க. முடிஞ்சா பச்சை, பாதின்னா மஞ்சள், இல்லாட்டி சிவப்பு. தலைமை அலுவலகத்துப் பெரிய திரையில அந்த நிமிஷமே தெரியும்.

அண்ணன்: இலக்கை யாரு போடுறது?

தம்பி: அல்காரிதம். மொத்த காங்கிரீட்டை மொத்த நாளால வகுக்கும்.

அண்ணன்: அதை எனக்கு மூணாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டாங்களே தம்பி. சரி, வகுத்து எவ்ளோ வருது?

தம்பி: உதாரணமா, ஒரு நாளைக்கு 20 கனமீட்டர்.

அண்ணன்: ஒரு ஸ்லாப் 120 கனமீட்டர்னு வச்சுக்க. மொத அஞ்சு நாள் பலகை அடிக்கணும், கம்பி கட்டணும், கரண்டுக்காரன் பைப்பு விடணும். அந்த அஞ்சு நாளும் காங்கிரீட் சைபர். ஆறாவது நாள் ஒரே மூச்சுல 120. உன் திரையில என்ன தெரியும்?

தம்பி: அஞ்சு நாள் சிவப்பு... ஆறாவது நாள் இலக்குக்கு மேல 500 சதவீதம். (முகம் மலர்கிறது) அன்னிக்கு உங்களுக்கு ஒரு பேட்ஜ் வரும்ணே! ‘சூப்பர் ஸ்டார்’!

அண்ணன்: கல்யாண வீட்டுல சமையக்காரரு காய் நறுக்கிக்கிட்டு இருக்கையில, “இதுவரைக்கும் எத்தனை இலை போட்ட”ன்னு கேட்டு அஞ்சு தடவை திட்டிட்டு, பந்தி முடிஞ்சதும் மாலை போடுற கதையா இருக்கே.

தம்பி: சரி, பலகையை சதுர மீட்டர்ல, கம்பியை டன்னுல தனித்தனியா எண்ணுவோம்.

அண்ணன்: எண்ணு. கம்பி கட்டி முடிச்சாச்சு. ஆர்.டி.ஓ. வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். ஊர்ல லைசென்சு குடுக்குறவரு இல்ல, இங்க சைட்டுலயே இருக்குற டெக்னிகல் ஆபீசரு. அவரு வேற கட்டடத்துல மாட்டிக்கிட்டாரு. மிக்சர் லாரி முந்தின நாளே புக் பண்ணது, வாசல்ல வந்து சுத்திக்கிட்டு நிக்குது. நேரமாயிட்டா அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இது யாரு கணக்குல சிவப்பு?

தம்பி: பொறுப்பாளர் கணக்குல.

அண்ணன்: பொறுப்பாளர் யாரு?

தம்பி: லாகின் பண்ணியிருக்கிறவர்.

அண்ணன்: அதாவது நான். (தேயைக் குடிக்கிறார்.) சரி, மேல சொல்லு.

தம்பி: உங்க தரப்பைச் சொல்லவும் வழி இருக்குண்ணே. ‘தாமதத்துக்குக் காரணம்’னு நாலு பொத்தான். மழை, ஆள், பொருள், பிற.

அண்ணன்: எத்தனை பேரு ‘பிற’ அமுக்குறாங்க?

தம்பி: சோதனை ஓட்டத்துல கிட்டத்தட்ட எல்லாருமே. எங்க டீம் அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பா எழுதியிருக்கு.

அண்ணன்: ராத்திரி ஏழு மணிக்கு லாரி கிளம்பப் போகுது, அதை விட்டா டார்மிட்டரிக்கு எம்ஆர்டி, பஸ்ஸுன்னு அலையணும். கையுறை நனைஞ்சு கெடக்கு, போன் விரலைக் கண்டுக்க மாட்டேங்குது. கடைசிப் பொத்தான்தான் பெருசா, கட்டைவிரலுக்கு வாட்டமா இருக்கும். அதான் உங்க கண்டுபிடிப்பு.

தம்பி: ‘சும்மா இருந்த நேரம்’னு இன்னொரு அளவும் இருக்கு. ஹெல்மெட்டுல ஒரு சின்ன சென்சார். ஆள் அசையலைன்னா நிமிஷத்தை எண்ணும்.

அண்ணன்: மேகம் கறுத்து மின்னல் எச்சரிக்கை வந்தா கிரேன் நிக்கணும், மேல இருக்குறவன் கீழ எறங்கணும். வெக்கை அளவு 32 டிகிரி தொட்டா கடின வேலைக்காரனுக்கு மணிக்குப் பத்து நிமிஷம் நிழல்ல ஓய்வு குடுக்கணும்னு 2023லயே மனிதவள அமைச்சு சொல்லியாச்சு. வெறும் வெயில் இல்ல, காத்துல உள்ள ஈரத்தையும் சேத்துப் பாக்குற அளவு. அப்ப அவன் அசையாமத்தான் உக்காந்திருப்பான். சட்டப்படி உக்காந்திருக்கிறவனை உன் ஹெல்மெட்டு என்னான்னு எழுதும்?

தம்பி: ‘சும்மா.’

அண்ணன்: அரசாங்கம் ஓய்வு குடுக்குது, செயலி அதைச் சோம்பல்னு எழுதுது. ரெண்டு பேரும் ஒரே தீவுல இருந்துக்கிட்டுப் பேசிக்க மாட்டீங்களா?

தம்பி: நீங்க தொழில்நுட்பத்துக்கே எதிரா இருக்கீங்கண்ணே. இந்த ஊரு எவ்வளவு தூரம் போயிருக்கு! 5,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா பிளானையே கணினி மாதிரியாத்தான் தாக்கல் பண்ணணும்னு 2015லயே கொண்டு வந்தாங்க. அதோ பின்னக்கிள் டக்ஸ்டன், 7 கட்டடம், 50 மாடி, 1,848 வீடு. துண்டு துண்டா வெளியில வார்த்துக் கொண்டாந்து அடுக்கி 2009லயே எழுப்பிட்டாங்க.

அண்ணன்: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அடுக்குற கட்டடத்துல ஆளை எண்ணி என்ன புண்ணியம்? எல்லாரும் நிமிந்து கிரேனைத்தான் பாத்துக்கிட்டு நிப்போம். கிரேன் இன்னிக்கு எத்தனை தூக்கு தூக்குச்சு, யாருக்குத் தூக்குச்சு, எந்த நேரம் சண்டையில போச்சு, அதை எண்ணு. எங்க சைட்டுல பாதித் தகராறு அந்தக் கொக்கிக்குத்தான். உன் செயலியில கிரேனுக்கு இடம் இருக்கா?

தம்பி: அது ‘உபகரணங்கள்’ல வரும். அடுத்த வெர்ஷன்.

அண்ணன்: நான் இப்ப கும்பிட்டு வந்த கோயிலைக் கட்ட வழி பண்ணவரு நாராயண பிள்ளை. 1819ல பினாங்குலேருந்து ராஃபிள்ஸோட கப்பல்ல வந்தவரு. வந்ததும் செங்கல் சூளை போட்டாரு, இந்த ஊருக்கே அவருதான் மொத கட்டட கான்ட்ராக்டருன்னு சொல்றாங்க. 1827ல மரமும் அத்தாப்பு ஓலையும் வச்சு எழுப்புனாங்க. அவருகிட்ட எந்த டேஷ்போர்டு இருந்துச்சு?

தம்பி: அப்போ கூலிக்காரங்களை எப்படி நடத்தினாங்கன்னும் சொல்லுங்கண்ணே. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினது இந்தியாவுலேருந்து கொண்டு வந்த கைதிங்க. அவங்களுக்குக் காவலும் கைதிங்கதான்! மேற்பார்வையும் அவங்க தலையிலயே முடிஞ்சுது. பழசு எல்லாம் பொன்னு இல்ல.

(இந்த ஓர் இடத்தில் தம்பிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். அண்ணனும் பதில் சொல்லாமல் வடையைப் பிட்டார்.)

அண்ணன்: அது சரிதான். ஆனா கைதிக்குக் கைதியே காவல்னா, இப்ப அந்த வேலை என்னுது. உன் பொத்தானை அமுக்கி எங்காளையே நான் காட்டிக் குடுக்கணும்.

தம்பி: யாரும் காட்டிக் குடுக்க வேணாம், உண்மையைச் சொன்னா போதும். ஒண்ணு கேக்கவா? நீங்க இப்ப அனுப்புற கணக்கெல்லாம் உண்மையா?

அண்ணன்: (சுற்றுமுற்றும் பார்த்து) எழுதாத. இன்னிக்கு 12 தூண் முடிச்சா பத்துதான் சொல்லுவேன். ரெண்டு சட்டைப் பையில. நாளைக்கு மழை வந்து எட்டுதான் முடிஞ்சாலும் பத்துன்னு சொல்லிடலாம். மேனேஜரு நிம்மதியா தூங்குவாரு.

தம்பி: (பதறி) எங்க சோதனைத் தளத்துல ஒரு சூப்பர்வைசர் மாசம் பூரா நேர்கோடு மாதிரி பத்து, பத்து, பத்து... முதலீட்டாளருக்குக் காட்டுன ஸ்லைடே அதுதான்! ‘செயலியால் வந்த ஒழுங்கு’ன்னு தலைப்பு!

அண்ணன்: எந்தச் சைட்டு? எங்க பயலாத்தான் இருப்பான். அறந்தாங்கியா, பட்டுக்கோட்டையா?

தம்பி: அப்ப பச்சைக்கு அர்த்தமே இல்லியா?

அண்ணன்: காங்கிரீட்டு போட்டு 28 நாள் கழிச்சு, மாதிரிக்கு வார்த்த கியூப்பை உடைச்சுப் பாத்தாத்தான் பலம் முழுசாத் தெரியும். நீ அன்னிக்கு ராத்திரியே பச்சை குடுத்துடுற. 28ஆவது நாள் கியூபு நொறுங்குச்சுன்னா, குடுத்த பேட்ஜைத் திருப்பி வாங்குவியா?

தம்பி: (தாழ்ந்த குரலில்) நான் படிச்சதே வேறண்ணே. அமெரிக்காவுல கிளென் பல்லார்டு, கிரெக் ஹவல்னு ரெண்டு பேரு தொண்ணூறுகள்ல ஒரு முறை கொண்டு வந்தாங்க. சைட்டுல வாரத் திட்டம் போட்டுட்டு என்ன நடந்துச்சுன்னு எண்ணிப் பாத்தா, சொன்னதுல முடிஞ்சது பாதிக்குக் கொஞ்சம் மேல, சராசரி 54 சதவீதம்.

அண்ணன்: அமெரிக்காவுலயுமா? தே இன்னொண்ணு சொல்லு.

தம்பி: அதனால இலக்கை மேலேருந்து போடாம, வேலையை நேரடியா நடத்துற ஆளு, அதாவது நீங்க, வாக்கு குடுக்கணும். பலகை, கம்பி, கையெழுத்து, கிரேன் எல்லாம் தயாரா இருக்கிற வேலைக்கு மட்டும். தயாரா இல்லன்னா ‘முடியாது’ன்னு முந்தின வாரமே சொல்லலாம். நடக்காததுக்குக் காரணத்தைத் தோண்டணும், ஆளைத் திட்டறதுக்கு இல்ல, அந்தத் தடையை எடுக்கிறதுக்கு.

அண்ணன்: அட! இதைத்தானே செய்யணும்! ‘முடியாது’ன்னு ஒரு பொத்தான் வச்சு ஒருத்தன் செயலி குடுத்தா, கையுறையைக் கழட்டிட்டு அமுக்குவேன் தம்பி. சட்டைப் பையில தூணை ஒளிச்சு வைக்கிற பொழப்பும் எனக்கு மிச்சம். ஏன் அதைச் செய்யல?

தம்பி: மொத வரைவுல வச்சேன். ‘முடியாது’ பொத்தான், அதுக்குக் கீழ காரணப் பட்டியல். டிராயிங் வரல, இன்ஸ்பெக்‌ஷன் லேட்டு, கிரேன் குடுக்கல, மெயின் கான்ட்ராக்டர் முடிவு எடுக்கல...

அண்ணன்: மெயின்கான் முடிவு எடுக்கலன்னு ஒரு பொத்தானா! அதுக்காகவே கும்பிடலாம். அப்பறம்?

தம்பி: டெமோ காட்டினோம். பாத்துட்டு, அந்த நாலு காரணத்தையும் எடுத்துட்டு ‘பிற’ன்னு ஒண்ணு வைக்கச் சொன்னாங்க.

அண்ணன்: யாரு?

தம்பி: வாங்கறவங்கண்ணே. மெயின்கான்தான் எங்க கஸ்டமர்.