திறந்தால் ஒன்று, தட்டினால் நான்கு

மோட்டார் இன்ஷூரன்ஸின் தேய்மானப் பட்டியலை ஒரு முறையாவது நிதானமாகப் படித்தவர்களுக்கு, உலகத்தில் எது நிலையானது, எது நிலையற்றது என்கிற வேதாந்த விசாரணைக்காக வேறு கிரந்தங்களைப் புரட்ட வேண்டிய அவசியம் ஏற்படாது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பாட்டரி ஆகிய இவை யாவும் நேற்றுப் பிறந்தவையானாலும் பாதி செத்தவை. ஆகையால் 50 சதவிகிதம் கழிவு. பைபர் கிளாஸுக்கு 30. இரும்புக்கு வயதைப் பார்ப்பார்கள்: ஆறு மாதம் வரையில் குழந்தை என்று ஒன்றும் கழிக்கமாட்டார்கள், பிறகு 5, 10, 15 என்று படிப்படியாக ஏறி, பத்து வயதைத் தாண்டியதும் 50-இல் வந்து நிற்கும். கண்ணாடிக்கு மட்டும் மூப்பே கிடையாது, கழிவு பூஜ்யம். ஒரு கல் பட்டால் பொடியாகிற வஸ்துவை நித்திய வஸ்து என்று தீர்மானித்த மகான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நமஸ்கரிப்பேன்.

இந்தச் சாஸ்திரமெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனதற்குக் காரணம் என் பெரியப்பாவின் 1968-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் தயாரான வண்டி. இத்தாலிய தேசத்து மிக்கெலொட்டி வரைந்த உருவம். எவ்வளவு குறுகிய சந்திலும் இருபத்தைந்து அடிக்குள் திரும்பிவிடும் என்ற கீர்த்தி உடையது. இத்தனை பெருமைகளில் எதையும் அறியாத தண்ணீர் லாரி ஒன்று, எங்கள் தெருவில் பின்வாங்கி வந்தபோது, நின்றுகொண்டிருந்த ஹெரால்டின் இடது கன்னத்தில் தன் பம்பரை ஊன்றி, அந்த நிலையிலேயே டிரைவர் பீடி பற்றவைத்து முடிக்கும் வரையில் சாவகாசமாக நின்றது. லாரியின் மேல் வழக்குப் போட்டு டிரிபியூனலுக்கு நடக்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. அந்த யோசனையை அவர் சிரித்துத் தள்ளிவிட்டார். எனவே சொந்தப் பாலிசியிலேயே கிளைம் என்று முடிவாயிற்று.

நல்ல வேளையாகப் பாலிசி முழுப் பாலிசி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று விதி இல்லை. உடையவரும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்வதுதான் கணக்கு. அவ்விதம் பேசி எழுதிய மதிப்பு, இன்ஷூரன்ஸ்காரர்கள் ஐ.டி.வி. என்று சொல்வது, 1,20,000 ரூபாய். அதில் முக்கால் பங்கை, அதாவது 90,000 ரூபாயைப் பழுதுச் செலவு தாண்டிவிட்டால், வண்டியைச் செத்ததாகவே பாவித்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஆகவே எங்களுக்குச் செலவு குறைவாகக் காட்டவும் மனமில்லை, அதிகமாகக் காட்டவும் துணிவில்லை. இதற்கு நடுவே வண்டியின் ஜாதி என்ன என்ற பிரச்னை வேறு. ஐம்பது வருஷம் கடந்து, அசல் உருவம் மாறாத வண்டி ‘வின்டேஜ்’ என்று சர்க்கார் 2021-இல் ஒரு விதி செய்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் டாரிபின் பழைய விதியோ 31-12-1940-க்கு முன்னால் பிறந்ததைத்தான் அப்படி அழைக்கும். ஆகப் பெரியப்பாவின் ஹெரால்டு போக்குவரத்து அதிகாரியின் மேஜையில் புராதனப் பொக்கிஷமாகவும், இன்ஷூரன்ஸ் மேஜையில் வெறும் கிழட்டு வண்டியாகவும் ஏககாலத்தில் விளங்கிற்று.

இராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கிற டிங்கரிங் மேஸ்திரி எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். தட்டு வேலை 36,000, பெயிண்ட் 20,000, புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்க வேண்டிய விளக்கு வளையம், ரப்பர் பீடிங் வகையறா 2,800. பார்த்த மாத்திரத்தில் எனக்கு மலைப்புத் தட்டியது. ஆனால் பட்டியலை மறுபடி படித்தபோது ஒரு சூக்ஷ்மம் புலப்பட்டது. கழிவெல்லாம் உதிரிப்பாகங்களுக்குத்தான், கூலிக்குக் கழிவு கிடையாது. பெயிண்டிலும் சாமான் விலையில்தான் பாதி போகும். பில்லில் பிரித்துக் காட்டாவிட்டால் மொத்தத்தில் கால் பங்கைச் சாமான் என்று வைத்துக்கொள்வார்கள். புதிய வண்டிக்காரன் நசுங்கிய பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறான். எங்களுக்கோ மாட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது, செய்த தொழிற்சாலையே மூடி வெகுகாலமாயிற்று. ஆகையால் செலவு அநேகமாகப் பூராவும் மேஸ்திரியின் கைவேலைக் கூலி. மனிதனுடைய கைக்கு வயதானதாக டாரிப் எங்குமே சொல்லவில்லை.

இந்த ஆனந்தம் சர்வேயர் வருகிற வரையில்தான் நீடித்தது. அவர் நல்ல மனிதர், சாந்தமானவர், கையில் டாப்லெட் வைத்திருந்தார். அதில் பானட், இடது பெண்டர், வலது பெண்டர், முன் பானல் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தட்டுக் கூலி இவ்வளவு என்று வரம்பு. அவர் வண்டியைச் சுற்றி வந்து, “பெண்டர் எங்கே சார் முடிகிறது?” என்று கேட்டதுதான் தாமதம், பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இரண்டு பக்கத்துக் கொண்டிகளையும் விடுவித்து, மூக்கையும் இரண்டு கன்னங்களையும் விளக்குகளையும் சேர்த்து முன்புறம் முழுவதையும் ஒரே மூச்சில் முன்னோக்கிச் சாய்த்துத் திறந்து காட்டி, “பெண்டர் என்று ஒன்று இந்த வண்டியில் இல்லை, சார். எல்லாம் ஒரே உருப்படி. இந்த மாதிரி இன்றைக்கு எவன் செய்கிறான்?” என்று முழங்கினார்.

சர்வேயரின் முகம் மலர்ந்தது. “ஒரே உருப்படியா? ரொம்ப சௌகரியம்” என்று சொல்லி, பானட் என்ற கட்டத்தில் 7,500 ரூபாய் போட்டு, மற்ற மூன்று கட்டங்களையும் காலியாக விட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். அவர் வாதம் செய்யவில்லை. பழைய வேட்டித் துணி ஒன்றைத் தகட்டின் மேல் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இடது கன்னத்திலிருந்து மேலே ஏறி, வலது பக்கம் வரையில் மெதுவாகத் தடவினார். “சார், இங்கே கையை வையுங்க” என்றார். சர்வேயர் வைத்தார். இடி வாங்கியது இடது பக்கம். ஆனால் எல்லாம் ஒரே உருப்படியானபடியால் அந்த முறுக்கு நடுமேட்டில் ஓர் அலையாக ஓடி, வலது மூலையைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்கிவிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அது கைக்குத் தெரிந்தது.

“பட்டி வைத்துச் சமன் பண்ணிவிடக் கூடாதா?” என்று சர்வேயர் கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லாமல், நூலில் கட்டித் தொங்கிய ஒரு காந்தத்தை எடுத்து, பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியின் கதவில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. உள்ளே விரற்கடைப் பட்டி. பிறகு ஹெரால்டில் வைத்தார். ‘டக்’ என்று பிடித்துக்கொண்டது. “கனமாப் பட்டி வைச்சா கொஞ்ச நாளிலே வெடிச்சு உதிரும், சார். இதைத் தகட்டாலேயே எடுக்கணும். அடியிலே டாலியைக் கொடுத்து மேலே சுத்தியலாலே தட்டணும். தட்டத் தட்டத் தகடு நீளும். நீண்டதைக் காஸிலே காய்ச்சி, ஈரத்துணி வைச்சுச் சுருக்கணும். இடது பக்கம் ஒரு வேலை, மூக்கு ஒரு வேலை, மேடு ஒரு வேலை, வலது மூலை ஒரு வேலை. ஐயா சொல்றது வாஸ்தவம். திறக்கும்போது ஒண்ணுதான். தட்டும்போது நாலு.”

சர்வேயர் தம் டாப்லெட்டையும் காந்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு. அந்த அதிகாரிக்குக் காட்டக் கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். கட்டங்களோ நான்கு இருந்தன. சிறிது நேரம் யோசித்து, ஒவ்வொன்றிலும் 7,500 போட்டார். மேஸ்திரி கேட்டதில் 6,000 குறைவுதான். இனியும் இழுத்தால் காந்தத்தின் மகிமை குறைந்துவிடுமோ என்று நான் பேசாதிருந்தேன். பெயிண்டில் 2,500, சாமானில் 1,400, கட்டாயக் கழிவு 1,000, எல்லாம் போக 47,900 ரூபாய் என்று அறிக்கை முடிந்தது. 58,800-க்கு அது மோசமில்லை என்பது என் அபிப்பிராயம். மேஸ்திரி மீதியைத் தவணையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

சர்வே அறிக்கையின் பிரதி வந்தபோது பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தொகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “வலது பெண்டர், இடது பெண்டர் என்று எழுதியிருக்கிறானே, சுத்த அபத்தம்!” என்று கூறி, ஹெரால்டில் பெண்டர் கிடையாது என்பதைப் படம் போட்டு விளக்கி, கம்பெனிக்கு உடனே ஒரு திருத்தக் கடிதம் எழுத வேண்டுமென்று காகிதமும் பேனாவும் கேட்டார். பணம் பாங்கிக்கு வந்து சேருகிற வரையில் அந்தப் பேனாவை அவர் கண்ணில் படாமல் வைத்திருக்க நானும் பெரியம்மாவும் பட்ட பாட்டில் கால்வாசி கூட, அந்தச் சர்வேயரோடு நாங்கள் படவில்லை.