ஒரு மனிதரைத் துரத்த ஒரு லீக்

விளையாட்டுச் சங்கங்கள் பிறந்த கதையை அவற்றின் நூற்றாண்டு மலரில் படித்தால் கண்ணில் நீர் வரும். ஆட்டத்தின் மேல் காதல், இளைஞர் நலன், தேசப் பெருமை என்று முன்னுரையிலேயே மூன்று குத்துவிளக்கு ஏற்றியிருப்பார்கள். உலகின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி அமைப்பான நேஷனல் ஹாக்கி லீக்குக்கு மட்டும் அந்த வசதி இல்லை. 1917 நவம்பர் 26 அன்று மாண்ட்ரியல் நகரத்து வின்ட்சர் ஹோட்டலில் அது பிறந்தது. பிறந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எடி லிவிங்ஸ்டன் என்பவரோடு ஒரே மேஜையில் உட்கார மற்ற முதலாளிகள் யாருக்கும் பிடிக்கவில்லை.

லிவிங்ஸ்டன் டொராண்டோ அணியின் சொந்தக்காரர். அப்போது கிழக்குக் கனடாவில் இருந்த தொழில்முறை அமைப்பு, 1909இல் தொடங்கிய நேஷனல் ஹாக்கி அசோசியேஷன். விதி என்று ஒன்று இருந்தால் அதைச் சொல்லிச் சண்டை போடுவது லிவிங்ஸ்டனின் வழக்கம். 1915இல் டொராண்டோவின் இரண்டு அணிகளையும் அவரே கையில் வைத்துக்கொண்டார். ஒன்றை விற்றுத் தொலையும் என்றார்கள் மற்றவர்கள். அவர் விற்கவில்லை. மேற்குக் கரை லீக் வந்து ஒரு அணியின் ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. மிச்சம் இருந்தவர்களைச் சேர்த்து அவர் ஒரே அணியாக ஆக்கிக்கொண்டார். பிரச்சினை தீர்ந்தது, ஆனால் யாருக்கும் திருப்தி இல்லாத விதத்தில்.

அடுத்த சீசனில் உலகப் போர் வந்து குட்டையைக் குழப்பியது. கனடா ராணுவத்தின் 228ஆம் பட்டாளமே ஓர் அணியை இறக்கியது. சம்பளத்துக்கு ஆடும் ஹாக்கி லீக்கில் சீருடை போட்ட பட்டாளம்! நன்றாகவும் ஆடினார்கள். 1917 பிப்ரவரியில் திடீரென்று மேலிடத்து உத்தரவு வந்தது: ஐரோப்பாவில் ஒரு போர் நடக்கிறது, ஞாபகம் இருக்கிறதா, கிளம்புங்கள். பட்டாளம் போனதும் மீதி ஐந்து அணிகள். ஐந்து என்றால் அட்டவணை போட வராது. ஒன்றைக் கழித்தாக வேண்டும். எந்த அணியைக் கழிப்பது என்று முதலாளிகள் மிக ஆழமாக யோசித்து, லிவிங்ஸ்டனின் அணியைக் கழித்தார்கள். அவருடைய ஆட்டக்காரர்களை மீதி சீசனுக்கு மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அப்படியும் மனிதர் போகவில்லை, வழக்கு என்றார். அமைப்பிலிருந்து அவரை ஒரேயடியாக வெளியே தள்ள விதியில் இடமில்லை. அங்கேதான் ஒரு பிரமாதமான யோசனை பிறந்தது. அவரைத் துரத்த முடியாது. ஆனால் நாம் எல்லோரும் போய்விடலாமே? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டை விட்டுப் போவது என்பது இதுதான். பழைய அசோசியேஷனை லிவிங்ஸ்டனுக்கே விட்டுவிட்டு, ஹோட்டலில் கூடிப் புது லீக் ஆரம்பித்தார்கள். அவருக்கு ஒரு முழு லீக் மிஞ்சியது. எதிர்த்து ஆடத்தான் ஆள் இல்லை.

புது லீக்கில் புதுசு என்று சொல்லக்கூடியது பெயர்ப்பலகை மட்டும். விதிகள் பழையவை. தலைவர் பிராங்க் கால்டர் பழைய அமைப்பின் செயலாளர். இங்கிலாந்தில் பிறந்து, கனடா வந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, பிறகு பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிய மனிதர். அடங்காத பிள்ளைகளை மேய்த்த அனுபவமும், நடந்ததைவிடச் சுவையாக எழுதும் அனுபவமும் ஒருங்கே உள்ளவர். இந்த வேலைக்கு வேறு என்ன தகுதி வேண்டும்? சம்பளம் வருஷத்துக்கு 800 டாலர்.

அணிகளின் நிலைமை இன்னும் ரசமானது. மாண்ட்ரியலில் இரண்டு: பிரெஞ்சு பேசுபவர்களின் செல்லப்பிள்ளை கனடியன்ஸ், ஆங்கிலம் பேசுபவர்களின் வாண்டரர்ஸ். ஒட்டாவாவில் செனட்டர்ஸ். கியூபெக்கின் புல்டாக்ஸ் உறுப்பினராகச் சேர்ந்த கையோடு, இந்த வருஷம் ஆட வசதிப்படாது என்று கையை விரித்தது. அதன் ஆட்டக்காரர்களும் பங்கு போடப்பட்டார்கள். ஐந்தாவது டொராண்டோ. அங்கேதான் விஷயமே இருக்கிறது. லிவிங்ஸ்டன் வேண்டாம், டொராண்டோவின் கூட்டமும் டிக்கெட் காசும் வேண்டும். அதனால் அந்த ஊர் மைதானத்தின் சொந்தக்காரரான அரீனா கம்பெனி, லிவிங்ஸ்டனின் ஆட்டக்காரர்களைத் தற்காலிகமாக எடுத்து நடத்தும் என்று ஏற்பாடு ஆனது. அணிக்கு முறையான பெயர்கூட வைக்கவில்லை. பத்திரிகைகள் பழைய ஞாபகத்தில் ‘நீலச்சட்டைக்காரர்கள்’ என்றும், சில நாள் சும்மா ‘டொராண்டோக்கள்’ என்றும் எழுதின. அணியின் மேலாளர் சார்லி குவெரி, லிவிங்ஸ்டன் இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் வேலைக்கே வந்தார்.

1917 டிசம்பர் 19. முதல் இரவு, இரண்டு ஆட்டம். மாண்ட்ரியலில் வாண்டரர்ஸ் டொராண்டோவை 10-9 என்று வென்றது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே டேவ் ரிச்சி அடித்ததுதான் லீக் சரித்திரத்தின் முதல் கோல். இந்தச் சரித்திரத்தைப் பார்க்க வந்த கூட்டம் சுமார் 700 பேர். சீருடையில் வரும் சிப்பாய்களுக்கு அனுமதி இலவசம் என்று அறிவித்த பிறகும் இவ்வளவுதான். போர்க்களத்துக்குப் போகக் காத்திருந்தவனுக்குக்கூட இலவச டிக்கெட் ஆசை வரவில்லை.

ஒட்டாவாவில் ஆட்டமே நேரத்துக்குத் தொடங்கவில்லை. ஒப்பந்தம் போட்டபோது பேசியதைவிட அட்டவணையில் ஆட்டங்கள் கூடுதலாக இருக்கின்றனவே, அதற்குக் காசு எங்கே என்று ஒட்டாவா ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. பனிக்கட்டிக்கு வந்ததும், இந்தத் தாமதத்துக்குத் தண்டனை கொடுப்பதைப் போலக் கனடியன்ஸின் ஜோ மலோன் தனியாளாக 5 கோல் அடித்தார். கனடியன்ஸ் 7, ஒட்டாவா 4. கியூபெக்கைப் பங்கு போட்டபோது கனடியன்ஸுக்குக் கிடைத்த பங்கு இந்த மலோன்.

வாண்டரர்ஸுக்கு அந்த முதல் வெற்றியே கடைசி வெற்றியும் ஆனது. நான்கே ஆட்டத்தில் 35 கோல் வாங்கினார்கள். அதன் முதலாளி சாம் லிக்டன்ஹைன், எனக்கு ஆட்டக்காரர்களைக் கடன் கொடுங்கள், இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்தார். சக முதலாளிகள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். ஆளை மட்டும் கொடுக்கவில்லை. 1918 ஜனவரி 2 அன்று, மாண்ட்ரியலின் இரு அணிகளுக்கும் சொந்த மைதானமாக இருந்த வெஸ்ட்மவுண்ட் அரீனா தீப்பிடித்துச் சாம்பலானது. சறுக்குக் காலணி, மட்டை, சட்டை எல்லாம் போயின. கனடியன்ஸ் ஊரின் இன்னொரு மூலையில் இருந்த சின்னதான ஜூபிலி மைதானத்துக்குக் குடிபோனது. லிக்டன்ஹைன் இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று கும்பிடு போட்டு விலகினார்.

லீக் விடவில்லை. மைதானம் எரிந்தால் என்ன, வாண்டரர்ஸ் வராத இரண்டு ஆட்டங்களிலும் எதிரணி வென்றதாக எழுதிக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு ஆனது. கனடியன்ஸுக்கு ஒன்று, டொராண்டோவுக்கு ஒன்று. சாம்பலைத் தோற்கடித்துப் புள்ளி எடுத்த பெருமை வேறு எந்த லீக்குக்கு உண்டு? ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த கட்சி, முதல் ஆட்டம் முடிந்து மூன்று வாரம் ஆவதற்குள் மூன்று பேராகிவிட்டது. லிவிங்ஸ்டனைத் துரத்தியவர்களில் பெரும் ஆர்வம் காட்டியவரே முதலில் வெளியே போனார்.

மிச்சம் மூன்று அணிகளும் ஒன்றையொன்று திரும்பத் திரும்பச் சந்தித்தன. பழகப் பழக அன்பு வளரும் என்பார்கள். இங்கே வேறு விதமாக வளர்ந்தது. ஜனவரி 28 அன்று டொராண்டோவில் கனடியன்ஸின் ஜோ ஹாலும் டொராண்டோவின் ஆல்ஃப் ஸ்கின்னரும் மட்டையால் ஒருவர் மண்டையை ஒருவர் பதம் பார்த்தார்கள். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். ஆளுக்கு 15 டாலர் அபராதம். அதோடு முடியவில்லை. டொராண்டோ போலீஸ் வந்து, பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்ததாக இருவரையும் கைது செய்தது. உள்ளூர் ஆளையும் சேர்த்துப் பிடித்தார்கள் பாருங்கள், அதற்காக அந்தப் போலீஸைப் பாராட்ட வேண்டும். கோர்ட்டில் தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வேண்டுமே.

அபராத விஷயத்தில் டொராண்டோவின் கென் ராண்டலை மிஞ்ச ஆள் கிடையாது. லீக்குக்கு அவர் வைத்திருந்த பாக்கி 35 டாலர். கட்டினால்தான் ஆடலாம் என்றார்கள். பிப்ரவரி 23 அன்று ஒட்டாவாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு அவர் வந்தார்: 32 டாலர் நோட்டாக, மீதி 3 டாலர் ஒரு பை நிறையச் சில்லறையாக. 300 காசுகள். வாங்க மாட்டோம் என்றது லீக். ராண்டல் பையைத் தூக்கிப் பனிக்கட்டியில் எறிந்தார். ஒட்டாவா ஆட்டக்காரர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. மட்டையால் பையை ஒரு போடு போட்டார். காசு மைதானம் முழுக்கத் தெறித்தது. அவ்வளவையும் பொறுக்கி முடித்த பிறகுதான் ஆட்டம் தொடங்க முடிந்தது. அந்த இரவில் லீக்கின் வரவு செலவு முழுவதையும் பொதுமக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

கோல்கீப்பர்கள் கதை தனி. அந்தக் காலத்து விதிப்படி கோல்கீப்பர் நின்றபடியேதான், இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வில்லையைத் தடுக்க வேண்டும். விழுந்தாலோ மண்டியிட்டாலோ தண்டனை. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்டுக்கோ, வில்லை வரும்போதெல்லாம் கால் தற்செயலாகத் தடுக்கியது. ஓர் ஆட்டத்தில் பல தடவை தடுக்கியது. முழங்காலில் விழுந்து கிடக்கும் அவரைப் பார்த்து எதிரணி ரசிகர்கள் ‘ஜெபம் பண்ணும் பென்னி’ என்று பட்டம் வைத்தார்கள். எது தடுக்கி விழுந்தது, எது வேண்டுமென்றே விழுந்தது என்று கண்டுபிடிக்க நடுவருக்கு ஞானதிருஷ்டி வேண்டும். கால்டர் பார்த்தார். ஜனவரி 9ஆம் தேதி விதியையே மாற்றி, இனி எப்படி வேண்டுமானாலும் விழுந்து தொலையுங்கள் என்று விட்டுவிட்டார். இன்றைய கோல்கீப்பர்கள் உருண்டு புரண்டு தடுப்பதெல்லாம் பெனடிக்டின் பொய்ப் பிரார்த்தனைக்குக் கிடைத்த வரம்.

கனடியன்ஸின் ஜார்ஜ் வெசினா நேர் எதிர். எது வந்தாலும் அலட்டிக்கொள்ளாதவர்; அதனால் அவருடைய ஊரையும், ஆங்கிலத்தில் அலட்டாமைக்கு உவமையான வெள்ளரிக்காயையும் சேர்த்து ‘சிகூட்டிமி வெள்ளரிக்காய்’ என்று பெயர். பிப்ரவரி 18 அன்று டொராண்டோவுக்கு எதிராக ஒரு கோல்கூட விடாமல் ஆடினார், 9-0. லீக்கில் அப்படி ஒரு கோலும் விடாத முதல் ஆட்டம் அதுதான். பிற்காலத்தில் அவருடைய முதலாளியான லியோ டாண்டுராண்ட், வெசினாவுக்கு 22 பிள்ளைகள் என்று பத்திரிகைக்காரர்களிடம் அவிழ்த்துவிட்டார். உண்மையில் இரண்டு. வெள்ளரிக்காய் மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.

மலோன் 20 ஆட்டங்களில் 44 கோல் அடித்தார். ஆட்டத்துக்கு இரண்டுக்கும் மேல். ஒரு சீசனில் 44 என்ற அந்த எண்ணை மாரிஸ் ரிஷார் 1944-45இல் 50 கோல் அடித்துத்தான் தாண்டினார்; அவருக்கு 50 ஆட்டம் தேவைப்பட்டது. ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் மலோனை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை.

சீசனை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முதல் பாதியில் கனடியன்ஸ் முதலிடம். இரண்டாம் பாதியில், எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தபடி, டொராண்டோ. இரு பாதித் தலைவர்களும் மோதிய இரண்டு ஆட்டங்களில் டொராண்டோ மொத்தம் 10-7 என்று ஜெயித்தது. கிழக்கில் வென்றவரும் மேற்கில் வென்றவரும் மோதும் ஸ்டான்லி கோப்பைக்காக மேற்குக் கரையிலிருந்து வான்கூவர் மில்லியனேர்ஸ் ரயிலேறி வந்தது. கிழக்கில் அணிக்கு ஆறு பேர், மேற்கில் ஏழு பேர். யார் விதிப்படி ஆடுவது? ஒரு நாள் உன் விதி, ஒரு நாள் என் விதி என்று பஞ்சாயத்து முடிந்தது. விளைவு: கிழக்கு விதி நாட்களில் டொராண்டோ வென்றது, மேற்கு விதி நாட்களில் வான்கூவர். ஐந்து ஆட்டத்தில் மூன்று கிழக்கு விதி. எண்ணிக்கை தெரிந்தவர்களுக்கு முடிவும் தெரியும். கடைசி ஆட்டம் 2-1. வெற்றி கோலை அடித்தவர் கார்ப் டெனனி.

ஆக, லிவிங்ஸ்டன் வேண்டாம் என்று தொடங்கிய லீக்கின் முதல் கோப்பையை வாங்கியது லிவிங்ஸ்டன் சேர்த்த ஆட்டக்காரர்கள். மனிதர் கணக்குக் கேட்டார்: என் ஆட்கள், உங்கள் கல்லா, என் பங்கு எங்கே? அரீனா கம்பெனி பங்குக்குப் பதிலாக, அதே ஆட்டக்காரர்களை வைத்துத் தன் பெயரில் சொந்தமாக ஒரு கிளப் பதிவு செய்துகொண்டது. அந்தக் கிளப் அடுத்த சீசனை முடிக்கவே முடியாமல் பாதியில் சுருண்டது. லிவிங்ஸ்டனின் வழக்குகள் 1920களிலும் வாய்தா வாய்தாவாக ஓடின. இந்தக் களேபரத்தில் ஜெயித்த கோப்பையில் அணியின் பெயரைப் பொறிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. என்ன பெயரைப் பொறிப்பது என்பதே ஒரு வழக்குக்குரிய கேள்வி. 1940களின் பிற்பகுதியில்தான் ‘டொராண்டோ அரீனாஸ்’ என்று வெட்டினார்கள். அதற்குள், 1945இல், லிவிங்ஸ்டன் போய்ச் சேர்ந்திருந்தார்.

லீக் நன்றி மறவாதது. சிறந்த புதுமுகத்துக்குக் கால்டர் பெயரில் கோப்பை. சிறந்த கோல்கீப்பருக்கு வெசினா பெயரில் கோப்பை. அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஆர்ட் ராஸ் பெயரில் கோப்பை. அந்த ராஸ் இந்த லீக்கில் ஆடியது வாண்டரர்ஸுக்காக 3 ஆட்டம், அடித்தது 1 கோல். லீக் உருவாக ஒரே காரணமான மனிதர் பெயரில் மட்டும் ஒரு டம்ளர்கூடக் கிடையாது. இப்போதாவது வைக்கலாம்: ஆண்டுதோறும் சக முதலாளிகளை அதிகமாக எரிச்சல்படுத்தும் முதலாளிக்கு எடி லிவிங்ஸ்டன் கோப்பை. போட்டி கடுமையாக இருக்கும். ஜெயிப்பவர் வாங்கிய கையோடு லீக் மேல் வழக்கும் போடலாம்.