முதலில் கட்டு, அப்புறம் பேசு

வருமான வரி கட்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஜொகூர் ஆயர் ஈத்தாம் அன்பர்களே, வாழ்த்துகள். உங்கள் வீரம் பாராட்டுக்குரியது. எல்.எச்.டி.என். எனும் வரி வாரியத்தின் அலுவலக வாசலில் போய்த் தொடை தட்டுவதற்கு முன், உங்களுக்கு என்னென்ன நடக்கும், யாருக்கு என்னென்ன நடக்காது என்பதை மட்டும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்களுடையது பழைய சாலையோரத்தில் ஓர் ஒட்டுக்கடை. முன்னால் கெரோப்போக் பாக்கெட்டுகள் தோரணமாகத் தொங்குகின்றன, பக்கத்தில் சட்டியில் சோளம் அவிகிறது, பின்னால் மண்ணில் சுட்ட பூச்சாடிகளும் உண்டியல்களும். நெடுஞ்சாலை வந்து பேருந்துகளை அள்ளிக்கொண்டு போன பிறகும் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறீர்கள்.

வியாபாரிகளுக்கான ‘பி’ ஃபாரத்துக்குக் கெடு ஜூன் 30. இ-ஃபைலிங் என்றால் மேலும் 15 நாள். அனுப்பவில்லையா? 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு காத்திருக்கிறது: 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வரியைக் கெடுவுக்குள் கட்டவில்லை என்றால் 10 விழுக்காடு மேலே ஏறும். வேண்டுமென்றே ஏய்த்தீர்கள் என்று நிரூபித்துவிட்டால் 114-ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை உள்ளே, அதோடு ஏய்த்த வரியைப்போல் மூன்று மடங்கு தண்டம்.

“ஐயா, நீங்கள் போட்ட கணக்கே தப்பு” என்று கோர்ட்டில் எடுத்துச் சொல்லலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? வாயைத் திறக்க முடியாது. 106-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். வரி வாரியம் பாக்கிக்கு வழக்குப் போட்டால், தொகை அதிகம், கணக்குத் தப்பு, மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது என்ற எந்த வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. முதலில் கட்டு, அப்புறம் சிறப்பு ஆணையர்களிடம் போய்ப் பேசு. ஜெயித்தால் பணம் திரும்ப வரும். அதுவரை விற்காத கெரோப்போக்கைத் தின்று காலத்தை ஓட்டலாம்.

104-ஆம் பிரிவு இதைவிடக் காரம். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து, நல்லெண்ணெய், பூண்டு எல்லாம் பையில் கட்டிக்கொண்டு, ஜொகூர் பாரு சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் குடிநுழைவு முகப்பில் கடப்பிதழை நீட்டுகிறீர்கள். அதிகாரி திரையைப் பார்க்கிறார், உங்களைப் பார்க்கிறார், மறுபடியும் திரையைப் பார்க்கிறார். “அங்கிள், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்.” பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உங்களைக் கஞ்சா கடத்தியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். வரி பாக்கி இருக்கிறது. கட்டும் வரை, அல்லது கட்டுவதற்கு ஏற்பாடு செய்யும் வரை, நாட்டைவிட்டு நகர முடியாது. பூண்டு உங்களோடு ஆயர் ஈத்தாம் திரும்புகிறது.

இது உங்கள் கதை. இனி இன்னொரு பாக்கிக்காரரைப் பார்ப்போம்.

2019-இல் வரி வாரியம் நஜிப் ரசாக் மீது வழக்குப் போட்டது. 2011 முதல் 2017 வரையிலான ஆண்டுகளுக்குப் பாக்கி 169 கோடி வெள்ளி. பாக்கெட் 5 வெள்ளி என்று வைத்தால், இந்த நாட்டில் பிறந்த குழந்தை உட்பட ஆளுக்குப் பத்துப் பாக்கெட் கெரோப்போக் வாங்கிக் கொடுக்கலாம். அந்த ஆண்டுகளில் அவர் யார்? பிரதமர், அது தெரியும். நிதியமைச்சரும் அவர்தான். உங்களுக்கு நோட்டீசு அனுப்பும் வரி வாரியம் இருந்தது அவருடைய அமைச்சின் கீழ். வரி வசூலிப்பவருக்கே முதலாளி.

2015 ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவந்தார். ஆறு விழுக்காடு. சோளத்துக்குப் போடும் உறை வரைக்கும் யோசித்து வாங்க வேண்டியதாயிற்று. மூன்றே மாதத்தில், ஜூலையில், அவருடைய சொந்த வங்கிக் கணக்குகளுக்கு ஏறத்தாழ 260 கோடி வெள்ளி வந்து சேர்ந்த கதையை வால் ஸ்திரீட் ஜர்னல் வெளியிட்டது. அது நன்கொடை என்றார்கள். 2016 ஜனவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி, சவூதி அரச குடும்பம் கொடுத்ததுதான் என்று சொல்லிக் கோப்பை மூடினார். நன்கொடைக்கு ஏது வரி? நமக்கு வரும் நன்கொடை என்றால் தேர்தலுக்கு முந்தின வாரம் ஐந்து கிலோ அரிசி.

2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் கட்டு என்றது. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் கட்டு என்றது. காரணம், அதே 106(3). அவர் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? இந்தப் பிரிவு நீதிமன்றத்தின் கையைக் கட்டுகிறது, அரசமைப்புக்கு விரோதமானது! நியாயமான வாதம்தான், மறுக்கவில்லை. ஒட்டுக்கடைக்காரனுக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் ஐயா, 2008-இலிருந்து 2018 வரை கிட்டத்தட்டப் பத்து வருடம் நிதியமைச்சர் நாற்காலியில் இருந்தீர்களே! வருடம் தவறாமல் பட்ஜெட் வாசித்தீர்களே! ஒரு திருத்தம், ஒரே ஒரு திருத்தம் போட்டிருக்கக் கூடாதா? அந்தப் பத்து வருடமும் கட்டிக் கிடந்தது எங்கள் கைதானே, அதனால் கண்ணில் படவில்லை.

தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அவர் மகளுக்கும் சிங்கப்பூரில் பிரசவம். குற்ற வழக்கின் ஜாமீனுக்காகப் பிடித்து வைத்திருந்த கடப்பிதழை நீதிமன்றம் தற்காலிகமாகத் திருப்பித் தந்தது. தகப்பன் பாசம், அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. குடிநுழைவு முகப்பில் ஓரமாக நிற்கிற இன்னொரு தகப்பனுக்கும் அந்தப் பாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த மாதம், 2021 நவம்பரில், முன்னாள் பிரதமர் என்ற முறையில் தமக்கு வீடும் நிலமும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தது வெளியே வந்தது. மதிப்பு சுமார் 10 கோடி வெள்ளி. அரசுக்கு 169 கோடி பாக்கி வைத்திருப்பவருக்கு அரசே வீடு கட்டித் தர வேண்டும். ஊர் கொதித்ததும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதற்கும் சில மாதம் கழித்து ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். ஊர் ஊராக வந்தார். “மாலு அப்பா போஸ்கு” (வெட்கம் என்ன பாஸ்) என்று இளவட்டங்கள் செல்ஃபிக்கு முண்டியடித்தார்கள். 2022 மார்ச் 12-ஆம் தேதி அவருடைய கூட்டணியான தேசிய முன்னணிக்கு 56-இல் 40 இடம். ஆயர் ஈத்தாமும் லேசுப்பட்டதல்ல. 2018-இல் நாடே அவருடைய கூட்டணியைத் தூக்கி எறிந்தபோது, அந்தக் கூட்டணியின் சீனர் கட்சியான ம.சீ.ச.வுக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த ஒரே தொகுதி இதுதான், 303 ஓட்டில். யாரை நொந்து என்ன பயன்?

பிறகு சிறைக்குப் போனாரே என்பீர்கள். போனார், 2022 ஆகஸ்டில். வரிக்காக இல்லை, எஸ்.ஆர்.சி. நிறுவனப் பண முறைகேட்டு வழக்குக்காக. அந்தத் தண்டனையும் 2024-இல் பாதியாகி, 21 கோடி வெள்ளி அபராதம் 5 கோடியானது. அவர் மனைவி மீது வருமானத்தை அறிவிக்கவில்லை என்றும் குற்றச்சாட்டுகள் இருந்தன. குற்றச்சாட்டுகள் எழுதப்பட்ட விதமே கோளாறு என்று 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒட்டுக்கடைக்கு வரும் நோட்டீசில் மட்டும் ஒரு புள்ளிகூடக் கோளாறாக இருப்பதில்லை. பெயர், அடையாள அட்டை எண், கடைசி சென் வரைக்கும் கச்சிதம்.

ஆகவே அன்பர்களே, வரி கட்ட மறுப்பதற்கு முறை இருக்கிறது. சில ஆயிரம் வெள்ளிக்காக மறுக்காதீர்கள், அது குற்றம். முதலில் நிதியமைச்சர் ஆகுங்கள். அதற்கு இப்போதைக்கு வசதிப்படாது என்றால், இ-ஃபைலிங் இருக்கிறது, வருடந்தோறும் ஜூலை 15 வரை நேரமும் தருகிறார்கள். கெரோப்போக், சோளம், பூச்சாடி விற்ற ரசீதுகளை ஏழு வருடத்துக்குப் பத்திரப்படுத்தி வையுங்கள். அரபு நாட்டிலிருந்து யாராவது ‘இது நன்கொடை’ என்று கடிதம் எழுதித் தந்தால் அதையும் கூடவே வையுங்கள்.