ஒரே நாளில் இரு பருவம்

கேள்வி: ஓர் ஊர் ஒரே நாளில் வெப்பத்திலும் குளிரிலும் சாதனை படைக்க இயலுமா?

பதில்: இயலும். 1911 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரம் 83 பாரன்ஹீட் பாகை வெயிலில் வியர்த்து, நள்ளிரவுக்குள் 17 பாகைக்கு, அதாவது உறைநிலைக்கும் 15 பாகை கீழே இறங்கியதால், அத்தேதிக்குரிய இரு சாதனைகளையும் அந்த ஒரு நாளே இன்றும் வைத்திருக்கிறது. இவ்விந்தையை நிகழ்த்தியது குளிர்முகப்பு, அதாவது அடர்த்தி மிகுந்த துருவக் காற்று, இலேசான வெப்பக் காற்றின் அடியில் ஆப்புபோல் நுழைந்து அதை மேலே தள்ளியபடி முன்னேறும் எல்லை. கனடாவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே குறுக்குமலை எதுவும் இல்லாததால், அக்காற்று தடையின்றித் தெற்கே பாய்கிறது. கொடுமை யாதெனில், அதே நாளில் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் பகுதியைச் சுழற்காற்று சிதைத்த பின், மீட்கச் சென்றோர் ஒரு மணி நேரத்துக்குள் பனிப்புயலிலும் போராட நேர்ந்தது.